காப்பீட்டு அட்டையும் குழந்தையின் நோயும்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தச் சில லட்சம் ரூபாய் ஆகும். தினக்கூலிக் குடும்பம் எங்கு கடன் கேட்டாலும் புரட்ட முடியாத தொகை அது. தமிழ்நாட்டில் இன்று அந்தக் குடும்பம் கையிலிருந்து பணம் கட்டாமல் அந்த அறுவை சிகிச்சையைப் பெறலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன குறை காண்பதானாலும், இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பள்ளிக் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்கென்று 2008இல் தனித் திட்டம் வந்தது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. தனியார் காப்பீட்டு நிறுவனம் அதை நடத்தியது. 2012 ஜனவரியில் அது புதிய பெயரில், பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவின் கைக்கு வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் திட்டம் முடங்கிப்போவதைப் பார்த்துப் பழகிய மாநிலத்தில் இந்தத் தொடர்ச்சி பெரிய விஷயம். இன்னொன்றும் உண்டு. இதே அட்டையை அரசு மருத்துவமனையிலும் பயன்படுத்தலாம் என்பதால் காப்பீட்டுப் பணத்தில் ஒரு பங்கு அங்கேயே வந்து சேர்கிறது, கருவிகள் வாங்க உதவுகிறது. எல்லாப் பணமும் தனியாருக்கே போகிறது என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் இந்தத் திட்டம் ஆஸ்பத்திரிக் கட்டிலை மையமாக வைத்து அமைந்தது. படுத்தால் பணம் உண்டு, வெளிநோயாளியாக வந்துபோனால் பெரும்பாலும் இல்லை. இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கும் அறுபது வயதுக்காரருக்கு இந்த அமைப்பு ஓரளவு பொருந்தும். குழந்தைக்குப் பொருந்தாது. ஆஸ்துமா, வலிப்பு, முதல் வகைச் சர்க்கரை நோய் எல்லாம் வருடக்கணக்கில் வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டியவை.

முதல் வகைச் சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தினமும் இன்சுலின் போட வேண்டும். காலை, மதியம், இரவு, தூங்கப்போகும் முன் என்று விரல் நுனியில் குத்தி, சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்து அளவு பார்க்க வேண்டும். எண் தெரியாமல் ஊசி போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிப் பிள்ளை மயங்கி விழலாம். ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 80, மாதத்துக்கு 2,400 ரூபாய். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் பயன்படுத்தும் ஸ்ட்ரிப்புக்குக் காப்பீட்டில் இடமில்லை. அதனால் நான்கு முறை பார்க்க வேண்டிய இடத்தில் தாய் ஒரு முறை பார்க்கிறாள், சில நாள் அதுவும் இல்லை. ஒரு நாள் சர்க்கரை எகிறி, ரத்தத்தில் அமிலம் ஏறி, பிள்ளை மூச்சிரைத்துக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது காப்பீடு வந்து நிற்கிறது. தடுத்திருக்கக்கூடிய ஆபத்துக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் திட்டம், தடுப்பதற்குச் செலவழிக்க மறுக்கிறது. இந்தத் திட்டத்தின் ஆகப்பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

காக்ளியர் கருவியிலும் இதே கதைதான். கருவியைப் பொருத்தியதும் குழந்தை பேசிவிடுவதில்லை. ஒலியைச் சொல்லாகப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறும் தாய்க்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. அதை எந்தக் காப்பீடும் ஈடுகட்டுவதில்லை.

சரி, நோயைக் கண்டுபிடிப்பது யார்? 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் கடன் வாங்கியாவது பிள்ளையைச் சிறிய மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்க்கும் ஏழைக் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பிள்ளைகள் இந்தப் பரிசோதனைக்கு வெளியே நிற்கிறார்கள்.

அட்டை வாங்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 10,000. கொத்தனாரும் சித்தாளுமாக வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும் நாளைக்குத் தலா 500 ரூபாய் வாங்கி, மாதம் 15 நாள் மட்டும் வேலை பார்த்தாலே 15,000 ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் அட்டை கிடைக்காது என்ற நிலையில் சான்றிதழில் எழுதப்படும் தொகைக்கும் வாழ்க்கைக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. விவரம் தெரிந்தவர் இ-சேவை மையத்தில் காரியத்தை முடித்துக்கொள்கிறார். தெரியாதவர் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓடுகிறார். அட்டை இருந்தாலும் சில தனியார் மருத்துவமனைகள் ஏதாவது காரணம் சொல்லிக் கூடுதல் பணம் கேட்பது தனிப் பிரச்சினை. புகார் செய்யும் தைரியம், பிள்ளை உள்ளே இருக்கும்போது எந்தப் பெற்றோருக்கும் வராது.

அரசு மருத்துவமனைகளில் வெளிநோயாளிப் பிரிவு இலவசம்தானே, காப்பீடு எதற்கு என்று கேட்கலாம். காய்ச்சலுக்கும் பேதிக்கும் அந்தப் பதில் சரி. ஆரம்ப சுகாதார நிலையங்கள் நம்முடைய பலம். வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் தனியாருக்குக் காப்பீட்டுப் பணம் கொடுக்க ஆரம்பித்தால் அந்தப் பலம் கரைந்துவிடும். அதை நான் கேட்கவில்லை. நீண்டகால நோயுள்ள குழந்தைகளுக்கு வேண்டிய ஸ்ட்ரிப், இன்ஹேலர், வலிப்பு மாத்திரை, பயிற்சிக்கு வந்துபோகும் செலவு இவற்றைக் காப்பீட்டு நிதியிலிருந்து அரசு மருத்துவமனை வழியாகவே தர முடியும்.

வருமான வரம்பைத் தளர்த்துவதும் புதிதல்ல. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இத்திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் அட்டையும் கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை. அட்டையும் வருமானமும் கேட்காத அதே விதியைப் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசு அறிவிக்க வேண்டும்.