இரண்டே அளவீடுகள் போதுமா?

நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சிறு பெட்டி; அதிலிருந்து சிரை வழியே இதயத்தின் வலக் கீழறைக்குச் செல்லும் கம்பி. கீழறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே உதறத் தொடங்கினால், பெட்டியிலுள்ள மின்தேக்கி மின்னேற்றம் பெற்று இதயத்துக்கு அதிர்ச்சி தருகிறது. இந்த டிஃபிப்ரிலேட்டரின் முன்னோடியை 1980-இல் மிரோவ்ஸ்கியின் குழுவினர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினர்.

பெட்டி வேலை செய்யும் என்பதற்கு என்ன உறுதி? பொருத்திய அன்றே நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, வேண்டுமென்றே இதயத்தை உதறவைத்து, கருவி அதை அடக்குகிறதா என்று பார்ப்பது நெடுநாள் வழக்கம். தீயணைப்பு வண்டியைச் சோதிக்க வீட்டுக்கே தீ வைப்பது போலத்தான்!

நீங்கள் படித்த ½CV² இங்கே உதவும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 800 வோல்ட்டுக்கு ஏற்றினால் 32 ஜூல் கிடைக்கும். சோதனையில் இதைவிடச் சுமார் 10 ஜூல் குறைத்துக் கொடுப்பார்கள். அதிலேயே அடங்கினால் முழு ஆற்றலில் நிச்சயம் அடங்கும் என்பது வாதம். நல்ல யோசனைதான். ஆனால் இதயம் தராசு அல்ல. ஒரே அளவு அதிர்ச்சி ஒருமுறை வெல்லும், மறுமுறை தோற்கும். நூற்றுக்கு 80 முறை மட்டுமே வெல்லும் அமைப்பும் இரண்டு சோதனைகளில் தொடர்ந்து தேறிவிட 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு (0.8 × 0.8). மாறாக, 95 முறை வெல்லும் நல்ல அமைப்பு ஏதேனும் ஒன்றில் தவறப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. ஊசலின் அலைவு நேரத்தை இரண்டே முறை அளந்து வரும் மாணவனை நான் ஆய்வுக்கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்.

2015-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த 'சிம்பிள்' ஆய்வு 2,500 நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்தது. இதயத் துடிப்புக் கோளாற்றால் இறந்தோரும், தேவையான அதிர்ச்சி பலிக்காதோரும் சோதித்த பிரிவில் ஆண்டுக்கு 8 விழுக்காடு. சோதிக்காத பிரிவில் 7. வேறுபாடு சிறிது, ஆனால் சோதனையால் ஆதாயம் காணோம். இடப்புறம், சிரை வழியாகக் கம்பி செலுத்திப் பொருத்தும் கருவிகளுக்கே இம்முடிவு பொருந்தும். முழுவதும் தோலடியில் அமையும் வகைக்கு இதை அப்படியே நீட்டக் கூடாது.

அப்படியானால் எதைச் சோதிப்பது? மின்கல வோல்ட்டளவு, கருவி உணரும் துடிப்பலையின் உயரம், கம்பியின் மின்தடை ஆகியவற்றை வலியின்றி மாதக்கணக்கில் தொடர்ந்து அளக்கலாம். இவற்றில் மின்தடையையே நான் முதலில் பார்ப்பேன். அது திடீரென எகிறினால் கம்பி முறிந்திருக்கக்கூடும். முறிந்த கம்பியின் இரைச்சலைக் கருவி இதய உதறல் என்று எண்ணி, நல்ல நினைவோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதிர்ச்சி கொடுத்துவிடும்.