நான்கு கோடியில் அடங்காத விலை

சென்னை சூப்பர் கிங்ஸ் (சி.எஸ்.கே.) 2026 ஐ.பி.எல். சீசனுக்கும் தோனியைத் தக்கவைத்துக்கொண்டது. அதற்கு ஆதரவாக எழுந்த வாதங்களில் ஒரு கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது: 12 கோடிக்கு ஆடியவர் 4 கோடிக்குக் கிடைக்கிறார், அணிக்கு என்ன நட்டம்? சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்தாண்டு கடந்த இந்திய வீரரை ‘அன்கேப்ட்’ (சர்வதேச ஆட்டம் ஆடாதவர்) பட்டியலில் சேர்க்கலாம் என்ற பழைய விதியை ஐ.பி.எல். நிர்வாகம் 2025-க்காக மீண்டும் தூசு தட்டியதால் வந்த மலிவு இது.

தோனியின் கைவேகம் இன்னும் குறையவில்லை. 2025-இன் முதல் ஆட்டத்தில் நூர் அகமது பந்தில் சூர்யகுமாரை ஸ்டம்பிங் செய்தபோது சேப்பாக்கமே திகைத்தது. லக்னோவில் 11 பந்தில் 26 ரன் அடித்து, 43 வயதில் ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். அணியின் ஐந்து கோப்பைகளும் அவர் தலைமையில் வந்தவை. இதிலெல்லாம் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் அதே 2025-இல் சேப்பாக்கத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். மார்ச் 28, பெங்களூருக்கு எதிராக 197 ரன் இலக்கு. தோனி இறங்கியது ஒன்பதாவது ஆளாக, அஷ்வினுக்கும் பின்னால். 16 பந்தில் 30 அடித்தார், அரங்கம் ஆர்ப்பரித்தது, அணி 50 ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு பெங்களூர் அணி அங்கே சி.எஸ்.கே.வை வென்ற முதல் ஆட்டம் அது. அடுத்த வாரம் டெல்லிக்கு எதிராக 11-ஆவது ஓவரிலேயே வந்தார். 26 பந்தில் 30. கையில் ஐந்து விக்கெட் மிச்சம் வைத்துக்கொண்டு சி.எஸ்.கே. 25 ரன்னில் தோற்றது. முன்னால் வந்தாலும் சிக்கல், பின்னால் வந்தாலும் சிக்கல். முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது.

பேட்டிங் குறையைக்கூட, ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்ற அனுமதிக்கும் இம்பேக்ட் பிளேயர் விதி கொஞ்சம் மூடி மறைத்துவிடும். மறைக்க முடியாதது விக்கெட் கீப்பர் இடம். அணியில் அது ஒன்றே ஒன்றுதான். அதில் ஒருவர் நின்றுகொண்டே இருந்தால் இன்னொருவர் கற்றுக்கொள்ள வழியில்லை.

கோவையின் ஜெகதீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் சி.எஸ்.கே.வுக்கு வந்த கீப்பர்-பேட்ஸ்மேன். ஐந்து சீசன்களில் அவருக்குக் கிடைத்தவை ஏழே ஆட்டங்கள். 2022 நவம்பரில் அணி அவரை விடுவித்தது; ஒரு வாரம் ஆவதற்குள் விஜய் ஹசாரே தொடரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 அடித்து, லிஸ்ட் ஏ கிரிக்கெட்டின் உலக சாதனையை முறியடித்தார். எதிரணி பலவீனமானதுதான். ஆனால் அது தொடர்ச்சியாக அவர் அடித்த ஐந்தாவது சதம். பிறகு 2025-இல் இங்கிலாந்தில் கீப்பர் ரிஷப் பந்த் காயமடைந்தபோது இந்திய டெஸ்ட் அணிக்கு அழைப்பு வந்தது. சொந்த மாநிலத்து அணியில் அவர் ஆண்டுக்கணக்கில் டக்-அவுட்டில் உட்கார்ந்திருந்ததன் விலை அந்த 4 கோடிக் கணக்கில் எங்கே வருகிறது?

அமெரிக்கக் கால்பந்தில் இதே நிலையில் ஓர் அணி வேறு முடிவெடுத்தது. கிரீன் பே பேக்கர்ஸில் ஆரோன் ராட்ஜர்ஸ், ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய குவார்ட்டர்பேக் இடத்துக்காக மூன்று சீசன்கள் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் காத்திருந்தார். 2008-இல் ஓய்வை அறிவித்த ஃபார்வ் மனம் மாறித் திரும்பியபோது, ரசிகர்களின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு நிர்வாகம் அவரை ஜெட்ஸ் அணிக்கு அனுப்பியது. 2011 பிப்ரவரியில் ராட்ஜர்ஸ் சூப்பர் பௌல் வென்று தந்தார். இதற்கு எதிர்வாதமாக டாம் பிரேடியைக் காட்டுவார்கள்: 43 வயதில் அவர் டாம்பா பே அணிக்கு அதே கோப்பையை வென்றாரே! வென்றார்தான், ஆனால் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை தன் வேலையை முழுதாகச் செய்து வென்றார். கடைசி மூன்று ஓவருக்கு மட்டும் அவரை யாரும் ஒளித்துவைக்கவில்லை.

தோனியைச் சுற்றிய சி.எஸ்.கே.வின் இந்த ஏற்பாட்டில் மற்றவர்களும் துணைப் பாத்திரங்களாகிவிட்டார்கள். தான் முன்னால் இறங்கினால் தோனிக்காகக் காத்திருக்கும் கூட்டம் தன் விக்கெட்டையே எதிர்பார்க்கும் என்று 2023-இல் ஜடேஜா சிரித்தபடி சொன்னார். அந்த ஆண்டு இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர் அவர். இப்போது சாம் கரனோடு ராஜஸ்தானுக்குப் போய்விட்டார். பதிலுக்கு 18 கோடி சம்பளத்துடன் வந்திருப்பவர் சஞ்சு சாம்சன், ஒரு கீப்பர். உர்வில் பட்டேலும் கீப்பர். ஏலத்தில் 14.20 கோடிக்கு வாங்கிய கார்த்திக் சர்மாவும் கீப்பர். இத்தனை பேரை வாங்கிவிட்டு ஸ்டம்புக்குப் பின்னால் மறுபடியும் தோனியையே நிறுத்துவதற்கு கிரிக்கெட் காரணம் எதுவும் இல்லை. டிக்கெட் விற்பனைக் காரணம் இருக்கலாம். அப்படியானால் நிர்வாகம் அதையே வாய்திறந்து சொல்லட்டும். முதல் ஆட்டத்திலிருந்தே கையுறை சாம்சனிடம் இருக்க வேண்டும். தோனிக்குச் சொல்லித்தர எவ்வளவோ இருக்கிறது. அதற்குப் பயிற்சியாளர் குழுவில் ஒரு நாற்காலி போதும்.