அறையும் அரூபமும்: லீ கிராஸ்னரின் ஓவிய உழைப்பு

அரூப ஓவியம் பற்றிய விமர்சனங்களிலே அடிக்கடி எடுத்தாளப்படும் கருத்தொன்றுண்டு. மனிதரையோ மரத்தையோ வீட்டையோ சித்திரிக்காது, நிறம், கோடு, பரப்பு என்பவற்றையே தன் பொருளாகக் கொள்ளும் இவ்வோவியம் வாழ்க்கையினின்றும் விடுபட்டு நிற்பது என்பதே அக்கருத்தாகும். அரூப ஓவியத்தைப் போற்றுவோர் இவ்விடுபாட்டினைத் தூய்மை என்பர். தூற்றுவோர் அதனையே தப்பியோட்டம் என்பர். முடிபுகள் முரண்படினும் இரு சாராரும் புறப்படும் இடம் ஒன்றே. ஓவியம் எங்கே வரையப்பட்டது, எந்த வேளையில் வரையப்பட்டது, வரைந்த கைக்கு வேறு என்னென்ன வேலைகள் இருந்தன என்னும் வினாக்களை இரு சாராருமே எழுப்புவதில்லை. இவ்வினாக்கள் கலைக்குப் புறம்பானவை என்பது அவர்தம் எண்ணம் போலும். அவை கலையின் உருவத்தோடு நெருங்கிய தொடர்புடையவை என்பதை ஓர் ஓவியரின் உழைப்பு வாழ்வினை ஆதாரமாகக் கொண்டு எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுபவர் அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் (1908–1984). அவரைத் தெரிந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. வீட்டையே தொழிற்களமாகவும் கொண்டு வாழ்ந்தவர் அவர் என்பது முதலாவது. அவ்வீட்டினுள்ளே அவர் பணிபுரிந்த இடமும் வேளையும் பலமுறை மாறின. அவை மாறியபோதெல்லாம் ஓவியத்தின் அளவும் நிறமும் செய்முறையும் மாறின என்பது இரண்டாவது. ஆகவே, வாழிடத்துக்கும் கலையுருவத்துக்குமுள்ள உறவினை ஆராயப் புகுவோர்க்கு அவர் வாழ்வு தெளிவானதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

ரஷ்யப் பேரரசிலிருந்து புலம்பெயர்ந்த யூதக் குடும்பமொன்றிலே, நியூ யோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிற் பிறந்தவர் கிராஸ்னர். கூப்பர் யூனியனின் பெண்கள் கலைப் பாடசாலையிலும் தேசிய வடிவமைப்புக் கழகத்திலும் முறையான பயிற்சி பெற்ற அவர், 1937 முதல் ஹான்ஸ் ஹொப்மனிடம் நவீன ஓவியம் பயின்றார். ஒரு பெண் வரைந்தது என்று சொல்ல முடியாத அளவுக்கு நன்றாயிருக்கிறது என்று ஹொப்மன் அவரது படைப்பொன்றைப் பாராட்டியதாகக் கூறப்படுவது, அக்காலக் கலையுலகின் மனோபாவத்தை உணர்த்தப் போதுமானது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்திலே அமெரிக்க அரசு நடத்திய கலைத்திட்டத்தில் 1935 முதல் சுவரோவியப் பிரிவிலே அவர் பணியாற்றினார் என்பது இவ்விடத்து விசேடமாக மனங்கொள்ளத்தக்கது. பெரும் பரப்பினை ஆளும் தொழிலறிவு அவருக்கு இளமையிலேயே கைவந்திருந்தது. பிற்காலத்தில் அவர் சிறிய படங்களை வரைந்தமைக்கு அவரது இயல்பையோ பெண்மையையோ காரணமாகக் கூறுவோர் இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிராஸ்னர் ஓவியர் ஜக்சன் பொலொக்கை மணந்தார். அடுத்த மாதமே இருவரும் லோங் ஐலன்டின் கிழக்குப் பகுதியிலுள்ள ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் பழைய மரவீடொன்றிற் குடியேறினர். வீட்டின் விலை 5,000 டொலர். முற்பணமாகச் செலுத்திய 2,000 டொலரும் பெகி குகன்ஹைம் கொடுத்த கடன். வீட்டினுள்ளே குளியலறை இல்லை; அடுப்பைத் தவிர வேறு வெப்பமூட்டும் வசதியும் இல்லை. தொடக்கத்திற் பொலொக் மாடியிலுள்ள படுக்கையறையொன்றில் வரைந்தார். 1946இல் வீட்டின் பின்னாலிருந்த கொட்டகையை இடம் பெயர்த்து வைத்து அதனைத் தம் ஓவியக்கூடமாக்கிக்கொண்டார். அவர் விட்டுச் சென்ற படுக்கையறை கிராஸ்னருக்கு வந்து சேர்ந்தது.

ஓரிடம் இவ்வாறு பகிரப்பட்டதுபோலவே நாளும் பகிரப்பட்டது. பொலொக் நண்பகல் வரை துயில்பவர். கிராஸ்னர் காலையில் எழுந்து வரைபவர். அவர் காலையுணவு உண்ணும் வேளையிலே தாம் மதிய உணவு உண்டதாகப் பிற்காலத்திற் கிராஸ்னர் நினைவுகூர்ந்துள்ளார். கணவரின் ஓவியங்களை விற்பனையாளருக்கும் சேகரிப்போருக்கும் அறிமுகஞ் செய்தல், கடிதத் தொடர்புகளைப் பேணுதல், வீட்டை நடத்துதல் ஆகிய பணிகளும் பெரும்பாலும் அவரையே சார்ந்திருந்தன. எஞ்சிய நேரத்தில் அவர் ஓவியராயிருந்தார் என்று கூறுவது பொருந்தாது. அவர் தம் ஓவிய நேரத்தை வீட்டு நாளினுள் இருந்து பிரித்தெடுத்துக் காத்துக்கொண்டார் எனலே பொருந்தும்.

இப்படுக்கையறையிலேதான் 1946க்கும் 1950க்கும் இடையில் ‘சிற்றுருக்கள்’ என வழங்கும் ஓவியத் தொகுதி உருவாயிற்று. பிலடெல்பியா அரும்பொருளகத்திலுள்ள 1949ஆம் ஆண்டுப் படம் ஏறத்தாழ 97 சதமமீற்றர் உயரமும் 71 சதமமீற்றர் அகலமுங் கொண்டது. கன்வஸைத் தட்டையாகக் கிடத்தி, மேலிருந்து கவிந்து, சிலவற்றில் வர்ணத்தைத் தடிப்பாக அப்பியும் சிலவற்றில் நீர்த்த வர்ணத்தை மெல்லிய இழையாக ஒழுகவிட்டும் அவர் வரைந்தார். கையெட்டும் தூரமே படத்தின் எல்லை. தோளசைவுக்கு இடமில்லாத நிலையில் மணிக்கட்டும் விரல்களும் முழுப் பணியையும் ஏற்கின்றன. அதன் விளைவாகப் பரப்பு முழுவதும் சின்னஞ்சிறு குறிகளால் இடைவெளியின்றி நிரம்புகின்றது. பார்வை தங்குவதற்கு ஒரு மையம் இல்லை. வாசிக்க இயலாத ஏட்டினைப் பார்ப்பதுபோன்ற உணர்வே தோன்றுகின்றது. சிறுவயதில் பொருள் விளங்காமலே எழுதக் கற்ற எபிரேய எழுத்துக்களோடும், அவ்வெழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும் முறையோடும் இப்படங்களுக்குள்ள தொடர்பைக் கிராஸ்னரே பின்னர் உணர்ந்து கூறியுள்ளார். அறையின் ஒடுக்கமும் பழைய எழுத்துப் பயிற்சியும் சந்தித்த இடத்தில் இவ்வுருவம் பிறந்தது எனலாம்.

1947ஆம் ஆண்டுக் குளிர்காலத்து நிகழ்ச்சியொன்றும் குறிப்பிடத்தக்கது. மாடியறையைச் சூடாக வைத்திருப்பது இயலாது போகவே, கிராஸ்னர் கீழே அடுப்பிருந்த கூடத்துக்கு இறங்கினார். அங்கே பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்பு வட்டையைச் சட்டமாகக் கொண்டு, மொசைக் கற்கள், நாணயங்கள், திறப்புகள், உடைந்த அணிகலன்கள் என்பவற்றைப் பதித்து மேசைகள் செய்தார். விறகும் நிலக்கரியும் போதாமையால் நேர்ந்த இடமாற்றம் அது. ஆயினும், சிறு துண்டுகளால் பரப்பை நிறைக்கும் அதே நோக்கு அம்மேசைகளிலும் தொடர்வதைக் காணலாம். வீட்டுத் தளபாடம் வேறு, அரூபக் கலை வேறு என்னும் பிரிவினை இங்கே பொருளற்றுப் போகின்றது.

இவற்றை அக்கால விமர்சனம் எவ்வாறு நோக்கியது? 1949இல் நியூ யோர்க்கின் சிட்னி ஜானிஸ் கலைக்கூடத்தில் ஓவியத் தம்பதியரின் படைப்புக்கள் சேர்த்துக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அக்கண்காட்சியைப் பற்றி எழுதிய சஞ்சிகை மதிப்புரையொன்று, மனைவியர் சிலர் தம் கணவரின் பாணியை ஒழுங்குபடுத்தித் துப்புரவாக்கும் போக்குடையவர் என்ற கருத்துப்பட உரைத்தது. வீடு கூட்டுவதற்குரிய சொல்லே ஓவியத்தை மதிப்பிடும் சொல்லாயிற்று. வீட்டு நிலைமைகள் ஓவியத்திற் படிந்திருப்பதை அம்மதிப்புரை ஒருவகையில் உணர்ந்தே இருந்தது. எனினும் அதனை உழைப்பின் நிலைமையாகக் காணாது, பெண்ணின் குணமாகக் கண்டமையே அதன் குறைபாடாகும்.

1952இல் ஹரல்ட் றோசன்பேர்க் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, புதிய அமெரிக்க ஓவியருக்குக் கன்வஸ் என்பது செயல் நிகழும் களம் என வரையறுத்தது. ஓவியரின் செயலைத் துணிந்து முன்னிறுத்திய அக்கருத்தின் பெறுமதியை மறுப்பதற்கில்லை. ஆயின், களம் வேண்டுமெனின் முதலில் இடம் வேண்டும். கன்வஸைச் சுற்றி நடந்து, நாற்புறமும் நின்று வர்ணம் வீசுவதற்குக் கொட்டகை வேண்டும். அக்கொட்டகை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்னும் வினா றோசன்பேர்க்கின் கோட்பாட்டில் இடம்பெறவில்லை. படைப்பவரின் சுதந்திரமாக அவர் கண்டது, ஒரு பகுதி, சதுர அடிக் கணக்கிலும் அளக்கத்தக்கதே.

1951இல் பெற்றி பார்சன்ஸ் கலைக்கூடத்தில் நடைபெற்ற கிராஸ்னரின் முதலாவது தனிக் கண்காட்சியில் எந்தப் படமும் விலைபோகவில்லை. பின்னர், தாம் வரைந்து சுவர்களில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைச் சித்திரங்களை ஒருநாள் வெறுப்புடன் கிழித்தெறிந்து கதவை மூடிச் சென்றார். வாரங்கள் கழித்து வந்து பார்த்தபோது நிலத்திற் கிடந்த துண்டுகளே அவருக்குப் புதிய வழியைக் காட்டின. கிழித்த சித்திரங்களையும் வெட்டிய கன்வஸ்களையும் பொலொக் கழித்துவிட்டவற்றையும், 1951இல் விலைபோகாத படங்கள் மீதே ஒட்டி, 1955இற் காட்சிக்கு வைத்த ஒட்டுச் சித்திரங்களை உருவாக்கினார். எதையும் வீசிவிடாது மறுபயன் கொள்ளும் இச்செய்முறை, வறுமையையும் சிக்கனத்தையும் கண்ட வீட்டின் செய்முறையே. அதேவேளை அது கடுமையான சுயவிமர்சனமுமாகும். தோல்வியை மறைக்காது, அதனையே புதிய படைப்பின் அடித்தளமாக்கியது.

1956ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி, கிராஸ்னர் ஐரோப்பாவில் இருந்தபோது, பொலொக் கார் விபத்தில் இறந்தார். 1957இல் கிராஸ்னர் கொட்டகையைத் தம் ஓவியக்கூடமாக்கிக்கொண்டார். அவ்வாண்டிற் பிறந்த ‘பருவங்கள்’ என்னும் ஓவியம் 235.6 சதமமீற்றர் உயரமும் 517.8 சதமமீற்றர் அகலமுங் கொண்டது. அதே கொட்டகையிற் பொலொக் 1950இல் வரைந்த மிகப் பெரிய படங்களுள் ஒன்று 269.5 சதமமீற்றர் உயரமும் 530.8 சதமமீற்றர் அகலமுங் கொண்டது. இவ்வெண்களை அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. பத்தாண்டு காலம் மணிக்கட்டின் அளவில் ஒடுங்கியிருந்த கை, இடங்கிடைத்த மறுகணமே ஐந்து மீற்றர் அகலத்தை ஆள்கின்றது. பொலொக் நிலத்திற் கிடத்தி வரைந்தார். கிராஸ்னரோ கன்வஸைச் சுவரில் அறைந்து, நீண்ட தூரிகையுடன் உயரங்களை எட்டி வரைந்தார். கனியும் இலையும் உடலும் எனத் தோன்றித் தோன்றி மறையும் பச்சையும் இளஞ்சிவப்புமான பெருவளைவுகள் அவ்வுடலசைவின் பதிவுகளாகும்.

1959இல் அவரது தாயார் காலமானார். உறக்கம் அவரை விட்டகன்றது. இரவிலே மின்னொளியில் வரையத் தொடங்கினார். மின்னொளியில் நிறங்களைக் கையாள விரும்பாமையால், கபிலம், வெள்ளை, இவற்றின் இடைப்பட்ட சாயல்கள் என்பவற்றோடு தம்மை வரையறுத்துக்கொண்டார். 1960ஆம் ஆண்டுக்குரிய ‘கண்ணே முதல் வட்டம்’ இவ்வரிசையைச் சேர்ந்தது. இப்படங்களின் நிறவறுமையைத் துயரின் குறியீடாக மட்டும் வாசிப்போர் உண்டு. துயர் உண்மையே, ஆனால் துயர் நேரடியாக நிறமாக மாறிவிடவில்லை. துயர் உறக்கத்தைக் கெடுத்தது. உறக்கமின்மை வேலைநேரத்தை மாற்றியது. வேலைநேரம் ஒளியை மாற்றியது. ஒளி நிறத்தை வரையறுத்தது. உணர்வுக்கும் உருவத்துக்கும் இடையே உழைப்பின் நிலைமைகள் நிற்கின்றன என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1963இல் வலக்கை முறிந்தபோதும் இடக்கையால் வரைந்தார். வர்ணக் குழாயினின்றும் நேரே பிதுக்கிய நிறங்களை வலக்கை விரல் நுனிகளால் நெறிப்படுத்தினார்.

இவ்வாறு கூறுவதனால், அறையே ஓவியத்தை ஆக்குகின்றது என்னும் யாந்திரிகமான முடிபுக்கு வருதல் ஆகாது. 1943க்கும் 1946க்கும் இடையில் கிராஸ்னருக்கு அறையும் இருந்தது, வர்ணமும் இருந்தது. எனினும் வரைந்தவை யாவும் மீண்டும் மீண்டும் பூசப்பட்டுச் சாம்பல்நிறக் கட்டிகளாய் உறைந்தன. கொட்டகை கிடைக்கு முன்பே, 1955இன் ஒட்டுச் சித்திரங்களுட் சில ஆளுயரத்தை விஞ்சிவிட்டன. புறநிலைமை எல்லையை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள் எது நிகழும் என்பதை அது சொல்லிவிடுவதில்லை. ஒவ்வோர் எல்லையையும் ஒவ்வொரு செய்முறையாக மாற்றியமையே கிராஸ்னரின் ஆற்றல். ஆனால் அவ்வாற்றலைப் புகழும் உற்சாகத்தில் எல்லையை நியாயப்படுத்திவிடலாகாது. படுக்கையறை சிறந்த படங்களைத் தந்தது என்பதனால், கொட்டகைக்காக அவர் பதினொரு ஆண்டு காத்திருந்தமை நியாயமாகிவிடாது.

1965இல் இலண்டன் வைற்சப்பல் கலைக்கூடமும் 1983இல் ஹியூஸ்ரன் நுண்கலை அரும்பொருளகமும் அவர் படைப்புக்களைத் தொகுத்துக் காட்சிக்கு வைத்தன. நியூ யோர்க் நவீன கலை அரும்பொருளகத்துக்கு அக்கண்காட்சி வந்துசேருமுன், 1984 ஜூனில், அவர் காலமானார். ஸ்பிரிங்ஸ் வீடு 1988 முதல் நினைவில்லமாகவும் ஆய்வு நிலையமாகவும் விளங்குகின்றது. கொட்டகை நிலத்தை மூடியிருந்த பலகைகளை அகற்றியபோது பொலொக்கின் வர்ணத் தெறிப்புகள் வெளிப்பட்டன. சுவர்களிலோ கிராஸ்னரின் வர்ணங்கள் எஞ்சியுள்ளன. அங்கு செல்வோர் முதலில் நிலத்தையே நோக்குவர். விமர்சகர் சுவரையும் நோக்குதல் வேண்டும். அதற்கு மேலாக, மாடியிலுள்ள அப்படுக்கையறையையும் ஏறிப் பார்த்தல் வேண்டும். அரூப ஓவியம் உலகைச் சித்திரிக்காது விடலாம். ஆனால் உலகில், ஓர் அறையில், ஒரு வேளையில், ஒரு கையினால் அது செய்யப்படுகின்றது. அதனை மறவாத விமர்சனமே கலையின் தூய்மை பற்றியும் பயன் பற்றியும் பேசும் தகுதியுடையதாகும்.