மனவடுவும் நீதியும்: ஓர் அமெரிக்க நாவல் எழுப்பும் வினா

மனநோயைப் பொருளாகக் கொண்ட படைப்புகளை அகவயமானவை என ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு விமரிசகரிடையே நெடுங்காலம் நிலவியது. இப்போக்கு பொருத்தமானதன்று. ஒரு மனிதரின் சித்தம் எதனாற் கலங்குகின்றது, அதனைத் தெளிவிக்கும் வாய்ப்பு யாருக்குக் கிட்டுகின்றது என்பன சமூகவியல் வினாக்களேயாம். ‘ரோசாத் தோட்டம் தருவதாக நான் உனக்கு ஒருபோதும் வாக்களித்ததில்லை’ எனப் பொருள்படும் தலைப்புடன் 1964இல் வெளிவந்த அமெரிக்க நாவலை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹனா கிறீன் என்ற புனைபெயரில் இதனை எழுதியவர் ஜோன் கிறீன்பேர்க். இளமையில் அவர் மேரிலாந்து மாநிலத்திலிருந்த செஸ்நட் லொட்ஜ் என்னும் தனியார் மனநோய் வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றவர். அவருக்குச் சிகிச்சையளித்தவர் நாசிகளின் எழுச்சியால் யேர்மனியை விட்டு வெளியேறிய யூத உளப்பகுப்பாய்வாளர் பிறீடா புறோம்-றைக்மன். மனச்சிதைவு நோயாளருடன் உரையாடிப் பயனில்லை என்ற கருத்து வலுப்பெற்றிருந்த காலத்தில், அவர்களது பேச்சுக்குப் பொருளுண்டு என வாதிட்டவர் அவர். நாவலில் அவரே வைத்தியர் பிறீட் ஆகின்றார்.

கதாநாயகி டெபோறா பதினாறு வயதினள். ஐந்து வயதில் அவளுக்குச் சத்திரசிகிச்சை நடைபெற்றபோது, வலிக்காது என வைத்தியர்கள் பொய்யுரைத்தனர். யூதச் சிறுமி என்பதற்காகப் பிற பிள்ளைகள் அவளை இழிவுபடுத்தினர். தாங்கவியலாத அனுபவத்தினின்று உள்ளம் தன்னைத் துண்டித்துக்கொள்வதை உளவியலாளர் உளப்பிரிநிலை என்பர். டெபோறாவின் உள்ளம், தனக்கெனத் தெய்வங்களும் மொழியும் கொண்ட ‘யிர்’ என்னும் இராச்சியத்தைப் படைக்கின்றது. முதலிற் புகலிடமாயிருந்த அவ்விராச்சியம், காலப்போக்கில் அவளைச் சிறைப்படுத்துகின்றது. பிறழ்வை மூளையின் வெறும் கோளாறாகவன்றி, வன்முறைக்கு உள்ளம் அளித்த மறுமொழியாகக் காட்டியமை இந்நாவலின் தலையாய சிறப்பெனலாம்.

சிகிச்சை பற்றிய சித்திரிப்பும் நுட்பமானது. வைத்தியர் பிறீட் யிர் உலகை ஏளனஞ் செய்யவில்லை, பலவந்தமாகப் பறிக்கவுமில்லை. உண்மையுலகில் டெபோறாவுக்குப் பிடிப்பு ஏற்படும்வரை காத்திருக்கின்றார். கைக்குழந்தையாயிருந்த தங்கையைத் தான் கொல்ல முயன்றதாக டெபோறா நினைவுகூர்கிறாள். அச்சிறுவயதில் அவளாற் குழந்தையைத் தூக்கியிருக்கவே முடியாது என வைத்தியர் காட்டுகின்றார். நினைவை மதித்தல் வேறு, அதனை அப்படியே வரலாறாகக் கொள்ளல் வேறு என்ற தெளிவு இங்குண்டு.

எனினும், நாவலின் எல்லையும் இச்சிகிச்சையறையின் வாசலிலேயே தொடங்குகின்றது. ஈரத் துணியில் இறுகச் சுற்றப்பட்டு அசையவியலாது கிடக்கும் நோயாளி ஒருத்தியை ஊழியன் ஒருவன் அறைகின்றான். அதனைக் கண்ட டெபோறா முறையிடுகிறாள். நீதி கிடைக்கவில்லை. தலைப்பின் வாசகம் இச்சந்தர்ப்பத்திலேயே பிறக்கின்றது: பூரண நீதியைத் தான் வாக்களித்ததில்லை என்கிறார் வைத்தியர். இதனை முதிர்ந்த யதார்த்தம் எனப் பாராட்டுவோர் பலர். ஆனால், அதிகாரத்தின் பொய்யாற் காயமுற்ற ஒருத்திக்கு அதிகாரத்தின் மௌனம் எவ்வாறு மருந்தாகும்? வைத்தியசாலையே மனவடுவைப் புதுப்பிக்கும்போது, அதைச் சகித்துக்கொள்ளும் துணிவைச் சுகமென்று நாவல் கொள்கின்றது. சமூக முரண்பாடு தனிமனித மனவுறுதியாகச் சுருங்கிவிடுகின்றது.

வர்க்க வினாவையும் தவிர்க்கவியலாது. பல்லாண்டுகள் தனியார் வைத்தியசாலையிற் சிகிச்சை பெறுதல் வசதிபடைத்தோருக்கே இயல்வது. மேலும், ‘மனச்சிதைவை உண்டாக்கும் தாய்’ என்ற கருத்தை 1948இல் முன்வைத்தவரும் புறோம்-றைக்மனே. அது குற்றச்சுமையைக் குடும்பப் பெண்கள்மீது ஏற்றியது. செஸ்நட் லொட்ஜில் சிகிச்சை பெற்றோர் பற்றி 1984இல் வெளியான தொடராய்வு, மனச்சிதைவு நோயாளருட் பெரும்பாலோர் நலிந்த நிலையிலேயே வாழ்ந்தமையைக் காட்டிற்று. டெபோறாவின் வெற்றி பொதுவிதியன்று.

ஆயினும், நாவலின் அடிப்படை உள்ளுணர்வைப் பிற்கால ஆய்வுகள் மறுக்கவில்லை. சிறுபராயத் துன்பங்களுக்குள்ளானோரிடம் மனப்பிறழ்வுக்கான சாத்தியம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருப்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. மனப்பிறழ்வுடன் மனவடுவின் பின்விளைவுகளாலும் வருந்திய 155 பேரிடம் ஒல்லாந்தில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு 2015இல் வெளியாயிற்று. வெளிநோயாளர் சேவைகளில், 90 நிமிடம் கொண்ட எட்டு அமர்வுகளில், கடந்தகால அனுபவத்தை நேரடியாக அணுகும் சிகிச்சை பாதுகாப்பானதும் பயனுள்ளதும் என அது நிறுவியது. மனப்பிறழ்வுள்ளோரிடம் பழைய காயத்தைப் பேசினால் நோய் முற்றும் என்ற அச்சம் இதனால் வலுவிழந்தது.

எனவே, செவிமடுத்தல் செல்வரின் சலுகையாக இருக்கவேண்டிய அவசியமில்லை. பொதுச் சுகாதார சேவையில் அதனைக் கோருதல் இயலும். ரோசாத் தோட்டத்தை எவரும் வாக்களிக்க முடியாதென்பது உண்மையே. ஆனால், கட்டுண்டு கிடப்பவளை அறையாதிருத்தல் ரோசாத் தோட்டமன்று. அது சிகிச்சையின் முதல் நிபந்தனை. இவ்வேறுபாட்டை நாவல் காணத் தவறியமையே அதன் குறையாகும்; அதனை நாம் காணுமளவுக்கு நேர்மையாக எழுதப்பட்டிருப்பது அதன் பெருமையாகும்.