பல் சிக்கிய லேத்

பழைய லேத்தில் கியர் இறுகிக்கொண்டால் தேர்ந்த டர்னர் சுத்தியலைத் தேடமாட்டார். மெயினை அணைப்பார், பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, சக்கைக் கையால் முன்னும் பின்னும் அசைப்பார். கொஞ்சம் ஆடி 'டக்'கென்று நின்றால் பல்லிடுக்கில் ஏதோ மாட்டியிருக்கிறது. அசையவே மறுத்தால் புஷ் பிடித்திருக்கலாம். சில சமயம் அது கோளாறே அல்ல. அரைநட்டு கவ்வியிருக்கும்போது பல லேத்துகளில் ஃபீட் லீவர் நகராது. இரண்டும் சேர்ந்து விழக்கூடாது என்று வடிவமைத்தவர் வைத்த தடை. அதைப் பலம் போட்டு இழுப்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வார்ப்பிரும்புப் பல் வளைந்து கொடுக்காது, உடையும்.

மற்றபடி பெரும்பாலும் அழுக்குதான். பழைய எண்ணெயும் இரும்புத்தூளும் அரக்குபோல இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் இளகிவிடும்.

திரும்பப் பூட்டுவதுதான் ரசிக்க வேண்டிய கட்டம். இரண்டு கியருக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் வைத்து நெருக்கி, போல்ட்டை முறுக்கி, கையால் சுற்றிக் காகிதத்தை வெளியே விட்டால் வேண்டிய இடைவெளி அமைந்துவிடும். பல் தடம் பதிந்த அந்தக் காகிதம் கிழியாமல் வரவேண்டும்.

அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டும் 127 பல் சக்கரத்தை மட்டும் கூடுதல் பத்திரமாகக் கையாளுங்கள். அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர், ஐந்தால் பெருக்கினால் 127. பகா எண் என்பதால் சிறிய சக்கரங்களைக் கூட்டிச் சேர்த்து அதை அச்சாகப் பெற முடியாது. 80-க்கு 63 போட்டு ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. பிழை பத்தாயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், சின்ன போல்ட்டில் அது தெரியவே தெரியாது.