ஆன்லைன் சட்டப் படிப்பு: விற்பது என்ன, வாங்குவது என்ன?

கண்ணமங்கலம், ஆரணிப் பக்கத்துத் தறிக்கார வீடுகளில் பட்டம் முடித்த பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணா, வீட்டிலிருந்தே ஆன்லைன்ல வக்கீலுக்குப் படிக்கலாமாமே, சேரட்டுமா?" கேள்விக்குக் காரணம் செல்போனில் வரும் விளம்பரங்கள். அவற்றைக் கொஞ்சம் கவனித்துப் படித்தபின் தோன்றியதை எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, இந்தியப் பார் கவுன்சில் ஏற்ற சட்டப் பட்டம் இருந்தால்தான் வழக்கறிஞராகப் பதிவு செய்யலாம். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளோ நேரில் போய்ப் படித்த பட்டத்தைத்தான் ஏற்கின்றன. 70 சதவீத வருகை கட்டாயம். வகுப்பு காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும். அதாவது பகலில் தறியிலோ கடையிலோ வேலை பார்ப்பவருக்கு மாலைக் கல்லூரி என்ற வழியும் கிடையாது. இளங்கலைப் பட்டத்தைத் தொலைவழியில் வாங்கியவர் மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேர முடியும். எல்.எல்.பி.யைத்தான் தொலைவழியில் படிக்க முடியாது.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தபாலில் நடத்திய பி.ஜி.எல். படிப்பு நினைவிருக்கும். கல்யாணப் பத்திரிகையிலும் வீட்டு வாசல் பலகையிலும் பேருக்குப் பின்னால் அந்த மூன்றெழுத்தைப் பார்த்திருப்போம். அதை வைத்து நீதிமன்றத்தில் வாதாட முடியாது. சட்ட அறிவுக்கான படிப்பு அது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியும். அலுவலகக் கோப்பைப் புரிந்துகொள்ளவோ, பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளவோ படித்தார்கள். அதில் ஏமாற்று இல்லை.

இன்றைய விளம்பரங்கள் வேறு ரகம். "சட்ட டிப்ளமா", "சட்டச் சான்றிதழ்", "சட்டத் துறையில் வேலைவாய்ப்பு" என்று எழுதி, பக்கத்தில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் படம் போடுகிறார்கள். பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வரிகூட இருக்காது. ஆனால் "இதை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது" என்ற வரியும் இருக்காது. லாபம் அந்தச் சொல்லாத வரியில்தான் இருக்கிறது.

அப்படியானால் தொலைவழியில் சட்டமே படிக்க முடியாதா? முடியும் என்று மற்ற நாடுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் கப்ளான் என்ற லாப நோக்கு நிறுவனம் 1998-இல் கன்கார்ட் சட்டப் பள்ளியைத் தொடங்கியது. முழுக்க ஆன்லைன். உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கே அதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். இருந்தும் கலிபோர்னியா அதை மூடவில்லை. வேறு மாதிரி கட்டுப்படுத்தியது. முதலாண்டு முடிந்ததும் ஒப்பந்தம், குற்றவியல், தீங்கியல் மூன்றிலும் மாநிலமே ஒரு தேர்வு வைக்கும். 'பேபி பார்' என்பார்கள். குறித்த காலத்தில் தேறாவிட்டால், முதலாண்டுக்கு மேல் படித்தது கணக்கில் வராது. எல்லாம் முடித்தபின் கலிபோர்னியாவின் கடினமான பார் தேர்வு. முக்கியமாக, எங்கள் பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை, வேறு மாநிலத்தில் இந்தப் பட்டம் செல்லாமல் போகலாம் என்று எழுத்தில் கொடுத்து, மாணவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கன்கார்டில் படித்த ராஸ் மிட்செல் என்பவர் கலிபோர்னியாவில் தேறிவிட்டு, மாசசூசெட்ஸில் தேர்வெழுத அனுமதி கேட்டு வழக்குப் போட்டார். 2008-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவருக்கு அனுமதி தந்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பக்கத்திலேயே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்வியில் எல்.எல்.பி. நடத்துகிறது. அதை முடித்தவர்கள் இலங்கைச் சட்டக் கல்லூரியின் தேர்வுகளை எழுதி, பயிற்சியும் முடித்து வழக்கறிஞர் ஆகிறார்கள்.

என் விமர்சனம் இதுதான். கலிபோர்னியா உள்ளே வரும் கதவைத் திறந்து வைத்து, வெளியே போகும் கதவில் காவல் போட்டது. நாம் தலைகீழ். உள்ளே வர வருகைப் பதிவேடு. வெளியே வரும்போது அகில இந்தியப் பார் தேர்வு: நூறு கொள்குறிக் கேள்விகள், சட்ட மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம், பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் போதும். சரி, உள்வாசல் காவலாவது வேலை செய்ததா? வெளிமாநிலக் கல்லூரியில் பேரைப் போட்டுவிட்டு, பரீட்சைக்கு மட்டும் போய் வரும் பழக்கம் ஊரறிந்தது. வழக்கறிஞர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க 2015-இல் பார் கவுன்சிலே தனி விதி கொண்டுவர வேண்டியிருந்தது. காசு இருப்பவருக்கு வருகைப் பதிவு ஒரு செலவு, அவ்வளவுதான். பாவு ஓட்டி முடித்தால்தான் கூலி என்ற வீட்டுப் பெண்ணுக்கு அது சுவர்.

நீதிமன்ற வேலை நேரில்தான் பழக முடியும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. கட்சிக்காரரிடம் பேசுவது, மனு எழுதுவது, குறுக்கு விசாரணை எல்லாம் வீடியோ பார்த்து வராது. ஆனால் அதற்கு விடுமுறைக் கால நேர்வகுப்பும் சீனியரிடம் கட்டாயப் பயிற்சியும் போதுமே. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவுகளைப் படிக்க எதற்கு மூன்று வருடப் பகல்?

விதி மாறும்வரை, குறைந்தபட்சம் அந்தக் கையெழுத்துத் தாளையாவது இங்கே கட்டாயமாக்கலாம். அதுவும் வரும்வரை பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதை வைத்துத் தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? ஆமா, இல்லைன்னு எழுத்தில் கொடுங்க." மழுப்பினால் அதுவே பதில். வழக்கறிஞர் ஆவதுதான் குறி என்றால் வேலூரில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். சட்டம் தெரிந்துகொள்வது மட்டும்தான் நோக்கம் என்றால், மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் சட்டங்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.