குட்டி ரயில் வந்த பிறகு

கரிசல் காட்டில் சாமி கும்பிட்ட கையோடு வீடு திரும்புகிறவர்கள் குறைவு. பொட்டலுக்குப் போய் ராட்டினம் சுற்றினால்தான் திருவிழா பார்த்த நிறைவு வரும். புதியம்புத்தூர்க்காரர்களுக்கு அப்படிப் பல பொட்டல்கள் உண்டு. பங்குனியில் கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் திருவிழா, சித்திரைக் கடைசியில் பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி கோயில் விழா, ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி. எல்லாவற்றையும்விடப் பெரியது தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. ஜூலை 26இல் கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரை கூட்டம் ஓயாது. வருடம் முழுக்க ஊராருக்கெல்லாம் சின்னப் பிள்ளைகளின் உடுப்பு தைத்து அனுப்புகிற ஊர் புதியம்புத்தூர். தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சொந்தப் பிள்ளைகளுக்குப் புது உடுப்புப் போட்டு வெளியே கூட்டிப் போகும் நாட்கள் இவைதான்.

அந்தப் பொட்டல்களின் முகம் இப்போது மாறியிருக்கிறது. ஜெயன்ட் வீலும் கொலம்பஸ் கப்பலும் பின்னால் தள்ளி நிற்க, நுழைந்ததும் கண்ணில் படுவது குழந்தைகளுக்கான வரிசை. டிராகன் தலை வைத்த குட்டி ரயில், காற்றடைத்த சறுக்கு, தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் சின்னப் படகு, குதிரை ராட்டினம். இவற்றில் குட்டி ரயிலைப் பற்றித்தான் ராட்டினப் பிரியர்களிடம் இரண்டு பேச்சு இருக்கிறது. “பிள்ளைக்குப் பயமில்லாம ஏற ஒண்ணு வந்துச்சே” என்று ஒரு பேச்சு. “ஏறுனதும் தெரியல, எறங்குனதும் தெரியல” என்று இன்னொரு பேச்சு. ஒரே வீட்டில், ஒரே ஆள் வாயிலேயே இரண்டும் வருவதுண்டு. இரண்டுமே நியாயமானவை என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு பேச்சிலும் விடுபட்டுப் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த ரயில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். ரோலர் கோஸ்டர் ஒரு மேட்டுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்து தன் எடையாலேயே பாய்ந்து இறங்கும். வயிறு கலங்குவது அந்த இறக்கத்தில்தான். குட்டி ரயிலில் அப்படி இல்லை. மோட்டார் ரயிலிலேயே இருக்கும். தண்டவாளத்தை ஒட்டி ஓடும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓட்டுகிறவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒரு சுற்று கூடுதலாக விடலாம். பயமில்லை என்று தாய்மார் சொல்வதற்கும் சுரத்தே இல்லை என்று இளவட்டங்கள் சொல்வதற்கும் காரணம் ஒன்றே: அந்த மோட்டார்.

இந்த மனக்குறை கரிசலோடு நிற்பதில்லை. நெதர்லாந்தில் எஃப்டெலிங் என்ற பழைய பூங்கா இருக்கிறது. பனிச்சறுக்கு வண்டி போலப் பாய்ந்தோடும் பாப் என்ற சவாரி அங்கே 1985 முதல் ஓடியது. 2019இல் அதை மூடி, அந்த இடத்தில் மாக்ஸ் அண்ட் மோரிட்ஸ் என்ற இரட்டை ரயிலை அமைத்து 2020 ஜூனில் திறந்தார்கள். அதுவும் மோட்டாரில் ஓடும் குடும்ப ரயில்தான். நம் பொட்டலில் ஓடுவதன் பணக்கார உறவு என்று சொல்லலாம். பாப்பில் வளர்ந்த ரசிகர்களுக்கு அது பெரிய இழப்பு. சின்னப் பிள்ளையோடு வந்த பெற்றோருக்கோ சேர்ந்து ஏற ஒன்று கிடைத்தது. பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்று தருவதற்கு, பெரியவர்கள் நேசித்த ஒன்றை எடுக்கத்தான் வேண்டுமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. நம்மூர்ப் பொட்டலிலும் இடம் அளவானதுதான். குட்டி ரயிலுக்கு விட்ட இடம் வேறு எதனுடைய இடமோதான்.

இங்கே அப்படி இடம் இழந்தது கை ராட்டினம். நான்கு மரப்பெட்டி தொங்கும் சின்னத் தூரி, ஆள் தள்ளிச் சுற்றும் குடை ராட்டினம். அதை இழந்த ஏக்கத்தில் பேசுகிறவர்கள் ஒன்றைச் சரியாகச் சொல்கிறார்கள். கை ராட்டினத்தில் ஓட்டுகிறவர் கைக்கும் பிள்ளையின் முகத்துக்கும் இடையே எதுவும் இல்லை. பிள்ளை அழுதால் கை தானாக நிற்கும். “இன்னும் வேகமா மாமா” என்று கத்தினால் தள்ளு கூடும். எவ்வளவு பயம் வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்தது. அது சாதாரணமான காரியமல்ல. ஆனால் அந்த ஏக்கத்தை நான் முழுதாக ஏற்க மாட்டேன். பெட்டிக்குக் கம்பி கிடையாது, பெல்ட் கிடையாது, அச்சாணி தேய்ந்ததா என்று பார்க்க ஆள் கிடையாது. சட்டத்தில் ஏறித் தன் உடல் எடையால் சுற்றிவிடுகிற மனிதரின் பிழைப்பு உயிரைப் பணயம் வைத்த பிழைப்பு. பழசு என்பதற்காக அதைப் பொட்டலுக்குத் திரும்பக் கூப்பிடுவது அவருக்கும் நல்லதல்ல, பிள்ளைக்கும் நல்லதல்ல.

குட்டி ரயிலின் நன்மையை ராட்டின ரசிகர்கள் குறைத்தே மதிக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நீள்வட்டம் சின்ன விஷயமே அல்ல. வளைவில் உடம்பு ஒரு பக்கம் சாய்வது, அம்மா முகம் மறைந்து மறுபடி வருவது, தலைக்கு மேல் சீரியல் பல்பு ஓடுவது எல்லாம் அதற்கு முதல் அனுபவம். ஜெயன்ட் வீலில் கண்ணை மூடிக்கொண்டு அம்மா மடியில் முகம் புதைத்த பிள்ளை, இதில் கண்ணைத் திறந்தபடி சுற்றி வருகிறது. இறங்கியதும் “இன்னொரு ரவுண்டு” என்று கேட்கிறது. பயத்தைத் தானே கடந்து வந்த பிள்ளை கேட்கும் கேள்வி அது. அதைக் கொடுக்கிற இயந்திரத்தைச் சுரத்தில்லாதது என்று பெரியவர்கள் தள்ளிவிட முடியாது.

இனி, விடுபட்டுப் போகிற விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளுக்கென்று ஒன்றை ஒதுக்கிவிட்டால் பெரியவர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதாகிறது. பல குட்டி ரயில்களின் இருக்கை அளவே அப்படி. அம்மாவின் முழங்கால் உள்ளே போகாது. பிள்ளை சுற்றுகிறது, அப்பா போனில் படம் எடுக்கிறார், ஆச்சி பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வால்ட் டிஸ்னி தன் மகள்களை லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப் போய், அவர்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றும்போது பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1955இல் டிஸ்னிலாண்ட் திறந்தது. எந்தக் குறையைத் தீர்க்கப் பூங்காத் தொழில் அத்தனை பெரிதாக வளர்ந்ததோ, அந்தக் குறையையே நம் பொட்டல் புதிதாக விலைக்கு வாங்கியிருக்கிறது.

சேர்ந்து ஏறினால் போதும் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. பெரியவரையும் பிள்ளையையும் ஒரே இருக்கையில் உட்கார வைத்து ஒரே கம்பியை இறக்கினால், அது பெரியவர் தொடையில் இடித்து நிற்கும். பக்கத்தில் பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பிள்ளை வழுக்கி வெளியே வர அது போதும். வேகமாகச் சுழலும் சவாரியில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும் என்பதால், பிள்ளை உள்பக்கமும் பெரியவர் வெளிப்பக்கமும் உட்கார வேண்டும். மாற்றி உட்கார்ந்தால் பெரியவரின் பாரம் முழுக்கப் பிள்ளை மேல் விழும். ஆகவே தேவை தனித்தனிக் கம்பி உள்ள, பெரியவர் காலும் நுழைகிற இருக்கை. குடும்ப ரயில் என்று வெளிநாட்டுப் பூங்காக்கள் இன்று கட்டுவது இதைத்தான். இங்கேயும் ரயிலைக் கட்டும்போதே அந்த இருக்கையைக் கேட்டு வாங்க முடியும். கேட்கிற ஆள்தான் இல்லை.

எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். குட்டி ரயில் அவர்களுக்குக் கூச்சம். பிரேக் டான்ஸ் ராட்டினத்தில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் ஏற்றியிருக்கக் கூடாது. பெரிய பூங்காக்களிலும் இந்த இடைவெளி உண்டு. சென்னைக்கு அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா 611 கோடி ரூபாயில் 43 சவாரிகளோடு வந்தது. கால் தொங்கப் பாயும் தஞ்சோரா கோஸ்டரைத்தான் ஊரெல்லாம் பேசியது. அந்த நிறுவனத்தின் பூங்காக்களில் 85 செ.மீ. உயரம் வராத பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, 140 செ.மீ. வரை குழந்தைச் சீட்டு. உயரத்தை அளந்து ஏற்றுவது சரியான முறை; வயதைக் கேட்டால் ஆசையில் பொய் சொல்வார்கள், அளவுகோலிடம் பொய் செல்லாது. ஆனால் புதியம்புத்தூரிலிருந்து சென்னை ஓர் இரவுப் பயணம். அந்தச் செலவைத் தாங்கும் வீடுகள் எத்தனை? இங்குள்ள பத்து வயதுப் பெண்ணுக்குப் பொட்டல்தான் பூங்கா. அவளுக்காக அங்கே யாரும் எதையும் கொண்டுவரவில்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது ராட்டின ரசிகர்களும் எதிர்ப்பவர்களும் உயரமான சவாரிகளைத்தான் காட்டுகிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. தாம்பரம் கிஷ்கிந்தாவில் 2016 மே மாதம் சோதனை ஓட்டத்தில் ஒரு சவாரி விழுந்து ஊழியர் ஒருவர் இறந்தார். சென்னை விஜிபியில் 2025 மே மாதம் உயரத்தில் நின்றுபோன சவாரியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் சில மணி நேரம் மாட்டிக்கொண்டு, தீயணைப்புத் துறையினர்தான் இறக்கினார்கள். இவை நிலையான பூங்காக்களில் நடந்தவை. பத்து நாளில் அவிழ்த்து லாரியில் ஏற்றும் இயந்திரத்துக்குக் கவலை கூட வேண்டும். ஆனால் குட்டி ரயில் தரையோடு ஓடுகிறது, விழ இடமில்லை என்ற நினைப்பில் சோதனையும் மேலோட்டமாகிவிடுகிற ஆபத்து இருக்கிறது. மின்சாரம் ஓடும் கம்பி பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பது குட்டி ரயிலில்தான். வேலிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே போதுமான தூரம் இருக்கிறதா, எர்த் சரியாக இறக்கியிருக்கிறதா, ஜெனரேட்டரிலிருந்து வரும் வயரின் ஒட்டுகள் ஈரத்தரையில் கிடக்கின்றனவா என்பவை எல்லாம் தீயணைப்புச் சான்றும் காவல்துறை அனுமதியும் இருந்தாலும் தினமும் பார்க்க வேண்டியவை. ராஜ்கோட்டில் 2024 மே 25 அன்று விளையாட்டுக் கூடத்தில் பற்றிய தீ 27 உயிர்களைக் கொண்டுபோனது. அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அங்கே தீயணைப்புத் துறையின் சான்றே இல்லை.

இந்தக் கவலைக்கு நம் மண்ணும் ஒரு காரணம். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதனால்தான் இங்கே வீடு கட்டுகிறவர்கள் சுக்கான் தட்டும் வரை வானம் தோண்டுகிறார்கள். ராட்டினத்துக்கு வானம் கிடையாது. கால்களுக்கு அடியில் மரக்கட்டை அடுக்கி மட்டம் பார்த்து நிறுத்துகிறார்கள். சித்திரையில் ஒரு கோடைமழை இறங்கினால் ஒரு பக்கக் கட்டை அமுங்கும், மறு பக்கம் அப்படியே நிற்கும். நீளமாகப் படுத்திருக்கும் ரயில் பாதைக்கு இந்த மட்டப் பிசகு மிகவும் கெடுதல். இணைப்புகளில் போல்ட் தளரும். தூத்துக்குடி மணலில் பிசகாமல் ஓடிய ரயில் கரிசல் பொட்டலிலும் அப்படியே ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மழை பெய்த மறுநாள் மட்டம் பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். இங்குள்ள எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த விஷயம் இது.

உடுப்பு தைக்கிற ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கென்று எடுப்பது சுருக்கும் நாடாவும் தொங்குகிற கவுன். பின்னால் முடிச்சிட்ட நாடா இருக்கைக்கு வெளியே விழும். பெரிய பெண்களுக்குத் துப்பட்டாவும் விரித்த கூந்தலும் அப்படியே. ஏற்றும் முன் நாடாவை உள்ளே செருகிவிடுகிற பழக்கமுள்ள ராட்டினக்காரர்களை நான் மதிக்கிறேன். அது கம்பி போடுவதற்குச் சமமான வேலை.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஏலம். பொட்டலை ஏலம் எடுக்கிறவர் கட்டிய தொகையைப் பத்துப் பதினைந்து நாளில் எடுத்தாக வேண்டும். தேனி வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவில் ராட்டின ஏலம் மட்டுமே கோடியைத் தாண்டுகிறது. அந்தத் தொகை சீட்டு விலையில் ஏறுகிறது. விலை ஏற்ற முடியாத இடத்தில் சுற்றைக் குறைக்கிறது. “ஏறுனதும் தெரியல” என்ற பேச்சில் பாதி மோட்டாரின் குற்றமல்ல, சுற்று குறைந்த குற்றம். இரண்டு பிள்ளைகள் உள்ள தையல்காரக் குடும்பம் ரயிலுக்கும் சறுக்குக்கும் சீட்டு எடுத்து முடிக்கும்போது அம்மாவின் ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி போயிருக்கும். அந்தப் பணத்துக்கு எத்தனை சுற்று என்பது சீட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும்.

கோயில் நிர்வாகமும் நகராட்சியும் ஏல நிபந்தனையில் விலை, சுற்று, உயர அளவுகோல், மழைக்குப் பிந்தைய மட்டச் சோதனை, பெரியவரும் ஏறும் இருக்கை ஆகிய ஐந்தையும் எழுதிவிட்டால் ஏலத்தொகை குறையத்தான் செய்யும். குறையட்டும். ஆடி வெள்ளிக்கு முன்பே அந்த நிபந்தனைத் தாள் தகவல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அதைப் படித்துவிட்டு, இந்த ரயிலில் ஆச்சியும் ஏறலாமா என்று சீட்டுக் கொடுக்கிறவரிடம் கேட்கும் உரிமை பிள்ளையைக் கூட்டி வருகிற ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும்.